கர்ப்பப்பையை எடுப்பதா, வேண்டாமா? கையெழுத்துப் போடும் முன் பேசவேண்டியவை

(யாழ்ப்பாணத்தில் கூடிய பெண் தொழிலாளர்கள் மத்தியில் எமது சங்கத்தின் மகளிர் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், காணி, வீடு என்று பேசும் சங்கம் இன்றைக்கு ஏன் கர்ப்பப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறது என்று சிலர் கேட்டீர்கள். அண்ணன்மாரில் இரண்டு பேர் எழுந்து வெளியே போகவும் பார்த்தார்கள். இருங்கள். உங்கள் வீட்டிலும் மாதத்தில் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிற ஒரு ஆள் இருப்பார். நாளைக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டினால், உங்களையும் பக்கத்தில் வைத்துத்தான் பேசுவார்கள்.

மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலை, றப்பர், துரை, கங்காணி, செக்ரோல். இங்கே தோட்டம் என்றால் செம்மண்ணில் வெங்காயம், புகையிலை, மிளகாய். சொல் ஒன்று, வேலை வேறு. ஆனால் இரண்டு தோட்டத்திலும் குனிந்து நிமிர்ந்து சுமப்பது பெண்தான். 58, 77, 83 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வடக்கே வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். கூடுதலானவர்கள் வன்னியில் குடியேறினார்கள், கொஞ்சப் பேர் குடாநாட்டுக்குள் வந்தார்கள். அங்கே 'வயித்துவலி' என்றதை இங்கே 'வயித்துநோ' என்று சொல்லப் பழகிவிட்டார்கள். மாத்திரை குளிசையாகிவிட்டது. வலி மட்டும் மாறவில்லை.

முதலில் நோயைச் சொல்கிறோம். இதற்கு என்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். பெயரைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள், கிளினிக்கில் கேட்க உதவும். கர்ப்பப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மாதாமாதம் தடித்து, உதிர்ந்து, தீட்டாக வெளியே வருவது அதுதான். அதே மாதிரியான இழையம் சில பெண்களுக்குக் கர்ப்பப்பைக்கு வெளியே, சூலகத்தில், குடலின் மேல், சலப்பையின் மேல், கர்ப்பப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் வளர்கிறது. அதுவும் ஓமோன் சொன்னபடி மாதாமாதம் ஆடுகிறது. ஆனால் அங்கே கசிகிற இரத்தத்துக்கு வெளியே வர வழியில்லை. சுற்றியுள்ள இடம் அழற்சியாகி, தழும்பாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியானால், அதன் நிறத்தைப் பார்த்து வைத்தியர்கள் சொக்லேட் கட்டி என்பார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. உலகம் முழுக்க 19 கோடி அளவில். இந்த மண்டபத்தில் உள்ளவர்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். இது புற்றுநோய் அல்ல. தொற்றும் அல்ல, யாரிடமிருந்தும் ஒட்டாது. செய்வினையும் அல்ல. ஆனால் பெயர் தெரிய வருவதற்கே பல பெண்களுக்கு வருடக்கணக்கில் எடுக்கிறது. ஸ்கானில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். 'ஸ்கான் கிளியர், உனக்கு ஒன்றுமில்லை' என்று ஒருவர் சொன்னால், அது நோயே இல்லை என்பதற்கான அத்தாட்சி அல்ல.

எங்கள் வீடுகளில் என்ன சொல்கிறோம்? 'பொம்பிளைக்கு வாற வலிதானே.' 'எனக்கும் அப்படித்தான் இருந்தது.' 'கலியாணம் கட்டினால் சரியாகும், ஒரு பிள்ளை பிறந்தால் போயிடும்.' பதினாலு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் சாணிபோட்ட நிலத்தில் உருளும்போது கலியாணத்தை மருந்தாகச் சொல்வது மருத்துவம் அல்ல. சாதாரணத் தீட்டு வலி வேறு. குளிசை போட்டும் அடங்காத வலி, மலம் கழிக்கும்போது குத்துகிற வலி, கணவனோடு சேரும்போது வருகிற வலி, பிள்ளை தங்காமை, தீட்டு முடிந்த பிறகும் தொடருகிற இடுப்பு வலி, இவை இருந்தால் கேட்டுப் பார்க்க வேண்டிய வலி. கணவனோடு சேரும்போது வலி என்பதை எங்கள் பெண்கள் வைத்தியரிடம் சொல்வதே இல்லை. வீட்டில் அது சண்டையாக மாறுகிறது, சில வீடுகளில் அடியாகவும் மாறுகிறது. பின்வரிசை அண்ணன்மார் இதை ஒருதரம் யோசியுங்கள்.

இதில் சங்கத்துக்கு என்ன வேலை? 2013-ல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அடிப்படைச் சம்பளம் 450, வருகைக் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30, ஆக 620 ரூபாய். அந்த 140 கிடைக்க, தோட்டம் கொடுக்கும் வேலைநாளில் நூற்றுக்கு 75 வந்திருக்க வேண்டும். மாதத்தில் 25 நாள் வேலை கொடுத்தால் 19 நாள். 19 நாள் வந்தவளுக்கு 2,660 ரூபாய் சேரும். 18 நாள் வந்தவளுக்கு ஒரு சதமும் இல்லை. அந்த ஒரு நாள் எந்த நாள் என்று ஆணுக்குத் தெரியாது, பெண்ணுக்குத் தெரியும். 2019-ல் அந்தக் கொடுப்பனவு போனது. இப்போது 2026 வரவு செலவுத் திட்டத்தோடு நாளொன்றுக்கு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு என்று மறுபடி வந்திருக்கிறது. நல்லது, காசு வரட்டும். ஆனால் 'வருகை' என்ற சொல்லுக்குள் தீட்டு வலி எங்கே நிற்கிறது என்று கேட்கவேண்டியது சங்கத்தின் வேலை. இங்கே வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவளுக்குக் கொடுப்பனவும் இல்லை, செக்ரோலும் இல்லை. வராத நாளுக்குக் கூலி இல்லை, இரண்டு தரம் வராவிட்டால் அடுத்த தரம் கூப்பிடுவதும் இல்லை.

இந்த நெருக்குதல் கர்ப்பப்பை வரைக்கும் எப்படிப் போகும் என்பதை இந்தியாவில் நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறோம். மகாராஷ்டிராவில் பீட் என்றொரு மாவட்டம். வறண்ட பூமி. அங்கிருந்து வருடாவருடம் தீபாவளியை ஒட்டி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரும்பு வெட்டப் போகும், ஆறு மாதம் கழித்துத் திரும்பும். ஆள் பிடிப்பவனுக்கு முகாதம் என்று பெயர். எங்கள் பழைய கங்காணி மாதிரி, முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுகிறவன். கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு கணக்கு. அதற்கு 'கோய்தா' என்று பெயர், அரிவாள் என்று அர்த்தம். இரண்டு மனிதர் சேர்ந்து ஒரு அரிவாள்! ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் 500 இந்திய ரூபாய் தண்டம். கரும்புக் காட்டில் மலசலகூடம் இல்லை, தண்ணீர் இல்லை, கூடாரத்தில் படுக்கை. வெள்ளைபடுதல், தொற்று, வலி என்று ஊர் திரும்பித் தனியார் வைத்தியரிடம் போனால், 'பிள்ளைகள்தான் பிறந்துவிட்டதே, இனி எதற்கு? விட்டால் புற்றுநோய் வரும், எடுத்துவிடு' என்ற பதில். முகாதமும் தீட்டு இல்லாத பெண்ணையே விரும்பினான். ஒப்பரேஷனுக்குக் கடன், கடனை அடைக்க மறுபடி கரும்பு.

2019 ஏப்ரலில் பிசினஸ்லைன் பத்திரிகை இதை எழுதிய பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. மூன்று வருடத்தில் பீட் மாவட்டத் தனியார் ஆஸ்பத்திரிகளில் 4,605 கர்ப்பப்பைகள் எடுக்கப்பட்டதாகச் சுகாதார அமைச்சர் அந்த வருடம் சட்டமன்ற மேலவையிலேயே சொன்னார். நீலம் கோர்ஹே தலைமையில் அரசாங்கம் ஒரு குழு போட்டது. கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் விசாரித்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. நூற்றுக்குப் பதினேழு அளவில். இந்தியா முழுக்க எடுத்த கணக்கில் நூற்றுக்கு மூன்று சொச்சம்தான். அதற்குப் பிறகு அந்த மாவட்டத்தில் அரசாங்க வைத்திய அதிகாரியின் அனுமதி இல்லாமல் தனியார் ஆஸ்பத்திரி இந்தச் சிகிச்சை செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களுக்கு நடந்ததைப் பற்றி வைத்தியர் நரேந்திர குப்தா போட்ட வழக்கில் 2023 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றமும், தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

இலங்கையில் கரும்புக் காட்டுக் கதை இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சத்திர சிகிச்சைக்குக் காசு இல்லை, ஆகவே காசுக்காக வெட்டுகிற ஆசையும் அங்கே இல்லை. அதை மறக்காமல் சொல்லவேண்டும், இந்த இலவச வைத்தியம் எங்கள் எல்லாருடைய சொத்து. ஆனால் எங்கள் உடம்பைப் பற்றி மற்றவர் முடிவெடுத்த பழக்கம் எங்களுக்கும் உண்டு. எண்பதுகளில் கருத்தடை ஒப்பரேஷனுக்கு அரசாங்கம் 500 ரூபாய் கொடுத்த காலத்தைப் பாட்டிமார் சொல்வார்கள். லயத்திலிருந்து போனோம், வந்தோம், என்ன செய்தார்கள் என்று கேட்கவில்லை என்பார்கள். இன்றைக்கும் எங்கள் உறுப்பினர்களிடம் விசாரித்தால், 'ஒப்பரேஷன் செய்தாச்சு' என்பார்கள். எது? குழாயைக் கட்டியதா, கட்டியை எடுத்ததா, கர்ப்பப்பையை எடுத்ததா, சூலகத்தையும் சேர்த்து எடுத்ததா? தெரியாது. டயக்னோசிஸ் கார்ட் எங்கே? வெள்ளத்தில் போய்விட்டது, இடம்பெயர்ந்தபோது போய்விட்டது, கறையான் தின்றுவிட்டது. அக்காமாரே, பிறப்புச் சான்றிதழை வைக்கிற பைக்குள்ளேயே அந்தக் கார்டையும் கிளினிக் கொப்பியையும் வையுங்கள்.

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம். வலி தாங்க முடியவில்லை, கர்ப்பப்பையை எடுத்துப்போட்டால் முடிந்துவிடுமா?

முடியலாம், முடியாமலும் போகலாம். நோய் இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியே என்று சற்று முன் சொன்னோமே, அதுதான் காரணம். குடலின் மேல் ஒட்டியிருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், தீட்டு நிற்கும், வலியின் ஒரு பகுதி மிஞ்சலாம். ஐரோப்பிய வைத்தியர் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: மற்ற சிகிச்சைகள் பலன் தராமல், இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருக்கும் பெண்ணுக்கு இதை யோசிக்கலாம், ஆனால் நோயை இது கட்டாயம் குணமாக்கும் என்று இல்லை, அதை அவளுக்குச் சொல்லவேண்டும். எடுக்கும்போது வெளியே கண்ணுக்குத் தெரிகிற நோய்த் துண்டுகளையும் எடுக்கவேண்டும்.

இன்னொரு நோய் இருக்கிறது, அடினோமயோசிஸ். அதே மாதிரி இழையம் கர்ப்பப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே புகுந்திருக்கும். கர்ப்பப்பை பருத்து, இரத்தம் கொட்டும். அதற்குக் கர்ப்பப்பையை எடுத்தால் மூலமே போய்விடுகிறது. சில பெண்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆகவே 'எனக்கு இருப்பது எது, எங்கே இருக்கிறது' என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது சூலகம். அதையும் எடுப்பதா, வைப்பதா? உண்மையில் பெரிய முடிவு இதுதான், ஆனால் பெரும்பாலும் யாரும் தனியாக எடுத்துப் பேசுவதில்லை. நோய்க்குத் தீனி போடும் ஓமோன் சூலகத்திலிருந்து வருகிறது. 1995-ல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு ஆய்வில், கர்ப்பப்பையை எடுத்துச் சூலகத்தை வைத்துக்கொண்ட 29 பெண்களில் 18 பேருக்கு வலி திரும்பியது. இரண்டையும் எடுத்த 109 பேரில் 11 பேருக்குத்தான் திரும்பியது. கேட்டால் உடனே எல்லாவற்றையும் எடுக்கலாம் போலத் தோன்றும். பழைய, சின்ன ஆய்வு என்பதையும் சேர்த்து நினையுங்கள். மறுபக்கம் என்ன? 35 வயதில் இரண்டு சூலகமும் போனால், 50 வயதில் வரவேண்டிய தீட்டு நிற்கும் காலம் அடுத்த வாரமே வந்துவிடும். உடம்பு கொதிப்பு, நித்திரையின்மை, பெண்ணுறுப்பு வறட்சி, எலும்பு தேய்தல், காலப்போக்கில் இருதய நோய். அதற்கு ஓமோன் மருந்து வருடக்கணக்கில் வேண்டும். மலைச்சரிவில் கொழுந்துக் கூடையோடு இறங்குகிறவளுக்கு எலும்பு என்பது வேலைக் கருவி. 'ஒன்றையாவது வைக்க முடியுமா?' என்று கேட்பது உங்கள் உரிமை.

கர்ப்பப்பை போனால் பெண்மை போய்விடும், உடம்பு ஊதிவிடும், கணவன் வேறு ஆளைத் தேடுவான் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சூலகம் இருக்கும்வரை ஓமோன் சுரக்கும். தீட்டு வராது, பிள்ளை தங்காது, அவ்வளவுதான். வலியோடு வாழ்ந்த சில பெண்களுக்கு அதன் பிறகு கணவனோடு சேருவது இலகுவாகவும் இருக்கிறது. தேடுகிற கணவன் கர்ப்பப்பை இருந்தாலும் தேடுவான். (சிரிப்பு)

எடுப்பதற்கு முன் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எங்கள் பேச்சு அரைப் பேர் போட்ட மாதிரி. வலிக்குளிசையை வலி உச்சத்துக்குப் போன பிறகு போடாமல், தொடங்கும்போதே, சாப்பாட்டுக்குப் பிறகு போடவேண்டும். வெறும் வயிற்றில் இரண்டு மூன்று வெள்ளைக் குளிசையை விழுங்கித் தேத்தண்ணி குடித்து வேலைக்கு ஓடுகிற பழக்கம் வயிற்றைப் புண்ணாக்கும். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை இந்த நோய்க்கும் மருந்துதான். கலியாணம் ஆகாத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் தாய்மார் கோபப்படுகிறார்கள், பெட்டியில் எழுதியிருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். நாங்கள் எல்லாரும் அறிந்த மூன்று மாத டெப்போ ஊசியும் நோயை அடக்கும், ஆனால் சிலருக்கு ஒழுங்கில்லாமல் இரத்தம் படும், நீண்டகாலம் போட்டால் எலும்பைக் கவனிக்கவேண்டும். டயனோஜெஸ்ட் என்று தினமும் போடுகிற குளிசை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஓமோன் வளையம் இருக்கிறது. சிறு துளை வழியாகக் கமரா விட்டு நோய்த் துண்டுகளை மட்டும் எடுக்கிற சத்திர சிகிச்சை இருக்கிறது, அதில் கர்ப்பப்பை தப்பும், ஆனால் நோய் திரும்பவும் வரக்கூடும். எல்லாம் எல்லா ஆஸ்பத்திரியிலும் எப்போதும் இருப்பதில்லை. குளிசையை விட்டால் வலி திரும்பும் என்பதும் உண்மை.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் கதையை அவருடைய அனுமதியோடு சொல்கிறோம். பெயர் இல்லை, ஊர் இல்லை. வயது 39. பெற்றோர் 77-க்குப் பிறகு வடக்கே வந்தவர்கள். வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி. ஒரு மகள், அதற்குப் பிறகு தங்கவில்லை. பெரியபிள்ளையான நாள் முதல் வலி. டெப்போ போட்டார், மூன்று மாதம் விட்டுவிட்டு இரத்தம் பட்டது, நிறுத்திவிட்டார். பிறகு தினக் குளிசை கொடுத்தார்கள். அதுதான் வாழ்க்கையிலேயே நல்ல எட்டு மாதம் என்று சொன்னார். 2022-ல் நாட்டில் மருந்து இல்லாமல் போனது. வெளியே வாங்கச் சொன்னார்கள். குளிசையின் விலையையும் அரிசியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அரிசியை வாங்கினார். வலி திரும்பியது, கூட இரத்தப்போக்கும் வந்தது.

எங்களிடம் வந்து, 'அக்கா, எடுத்துப்போட்டால் நிம்மதிதானே, நாளைக்கே எழுதித் தரச்சொல்லிக் கேக்கப் போறன்' என்றார். மாமியார் எதிர்ப்பு, இன்னும் ஒரு ஆம்பிளைப் பிள்ளை பிறக்கலாமே என்று. கணவன் வாய் திறக்கவில்லை. நாங்கள் எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு கொப்பித் தாளில் கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். எனக்கு எது நோய்? வேறு மருந்து மிச்சம் இருக்கிறதா? எடுத்தால் சூலகம் இருக்குமா? வெளியே உள்ள நோயையும் எடுப்பீர்களா? வயிற்றை வெட்டியா, துளை வழியாகவா? எத்தனை வாரம் வேலைக்குப் போக ஏலாது? கணவனையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னோம். வைத்தியர் முதலில் தாளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாராம், பிறகு இருந்து பதில் சொன்னாராம். ஸ்கானில் கர்ப்பப்பையும் பருத்திருந்தது, ஒரு சூலகத்தில் கட்டி. யோசிக்க ஒரு மாதம் எடுத்தார். அந்த மாதத்துக்குள் மகளையும் மாமியாரையும் இருத்திவைத்துத் தானே விளங்கப்படுத்தினார். பிறகு சம்மதித்தார். கர்ப்பப்பையும் கட்டி இருந்த சூலகமும் போயின, மற்றச் சூலகம் இருக்கிறது.

வலி முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டோம். 'சில நாள் வருது. ஆனா படுக்கிற வலி இல்லை' என்றார். பிள்ளை இனி இல்லை என்பதை நினைத்துச் சில இரவுகள் அழுததையும் சொன்னார். அதையும் சேர்த்தே சொல்லும்படி எங்களிடம் கேட்டுக்கொண்டார்.

இன்னொரு தங்கச்சி, 28 வயது, அதே தாளோடு போய், இப்போதைக்கு வேண்டாம் என்று குளிசையோடு திரும்பி வந்தார். இரண்டு பேரும் சரியாகத்தான் செய்தார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அந்த 39 வயதுக்காரர் எட்டு வாரம் பாரம் தூக்கவில்லை. வயிற்றை வெட்டிச் செய்தால் ஆறு வாரமாவது பாரம் தூக்கக் கூடாது என்பதுதான் பொதுவான கணக்கு. குடத்துத் தண்ணீரும் பாரம்தான், ஈர வெங்காயக் கூடையும் பாரம்தான், 18 கிலோ கொழுந்தும் பாரம்தான். எட்டு வாரம் கூலி இல்லாமல் எப்படி? பக்கத்து வீட்டுப் பெண்கள் தண்ணீர் அள்ளிக் கொடுத்தார்கள், சீட்டுக்காரர் தவணை பின்போட்டார், தோட்டக்காரர் கடைசி இரண்டு வாரமும் இருந்து வெங்காயம் கட்டுகிற வேலை கொடுத்தார். நல்ல மனிதர்கள். ஆனால் நல்ல மனிதர் கிடைக்காத ஊரில் என்ன செய்வது? பல பெண்கள் மூன்றாம் வாரமே கூடையைத் தூக்கி, தையல் விட்டு, குடல் இறக்கத்தோடு திரும்ப வார்ட்டுக்கு வருகிறார்கள். ஒப்பரேஷன் இலவசம், ஓய்வு இலவசம் இல்லை.

அதனால்தான் தோட்ட நிர்வாகங்களோடு பேசும்போது மகளிர் பிரிவு இதை எழுத்தில் வைக்கச் சொல்கிறது: வைத்தியசாலைக் கடிதத்தோடு வருகிற பெண்ணுக்குக் குறிப்பிட்ட காலம் பாரமில்லாத வேலை, அந்தக் காலத்தில் முழுப் பேர், செக்ரோலிலிருந்து பெயர் வெட்டக் கூடாது, மலையில் மலசலகூடமும் தண்ணீரும், தீட்டு வலிக்கு வராத நாள் வருகைக் கணக்கில் குறையக் கூடாது. இது நடக்காத காரியம் என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். இந்தியாவின் பீகார் மாநிலத்தில் அரசாங்கப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் தீட்டு விடுமுறை 1992-லிருந்து இருக்கிறது. அது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கிடைத்தது.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். நுவரெலியாவிலும் பதுளையிலும் எங்கள் பெண்கள் வைத்தியருக்கு வலியைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு வருகிறார்கள், சம்மதத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் வைத்தியரும் தாதியும் தமிழ். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த ஊர் இது, பிரசவ வைத்தியத்துக்கு 1857-லேயே தமிழில் புத்தகம் போட்டவர் அவர். இணுவிலில் 1898-ல் பெண்களுக்கென்றே ஆஸ்பத்திரி திறந்தார்கள். அப்படியிருந்தும் இங்கேயும் பெண்கள் சொல்வதில்லை, மொழி இருந்தும் வெட்கம் வாயை மூடுகிறது. மலையகத்தில் உள்ளவர்கள் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். உங்கள் மகளோ தோழியோ போதும். விளங்காவிட்டால் 'இன்றைக்குக் கையெழுத்து வேண்டாம், அடுத்த கிளினிக்கில் வருகிறேன்' என்று சொல்லலாம். இது உயிர் போகிற அவசரம் அல்ல. வைத்தியர் கோபிப்பார் என்று பயப்படவேண்டாம், கேள்வி கேட்கிற நோயாளியை நல்ல வைத்தியர் மதிப்பார்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். 35 வயது தாண்டியவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள், 1996-லிருந்து நடக்கிறது, காசில்லை. அங்கிருந்து பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். குடாநாட்டில் யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. போவதற்கு முன் மூன்று மாதத்துக்கு ஒரு கலண்டரில் குறியுங்கள்: வலி எந்த நாள், எத்தனை குளிசை, எந்த நாள் வேலைக்குப் போகவில்லை. எழுதத் தெரியாதவர்கள் புள்ளி போட்டாலும் போதும். 'எப்பவும் வலிக்குது' என்று சொல்வதைவிட அந்தக் கலண்டரைக் காட்டினால் வைத்தியருக்கு உடனே விளங்கும்.

இப்போது தேநீர் கொண்டுவருகிறார்கள். வாசலில் ஒரு பெட்டியும் வெற்றுத் தாளும் வைத்திருக்கிறோம். கேட்க வெட்கமாக இருப்பதைப் பெயர் போடாமல் எழுதிப் போடுங்கள். தேநீருக்குப் பிறகு அரை மணித்தியாலம் அதற்குத்தான். கொப்பித் தாள் கேள்விகளைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம், போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், வர முடியாதவர்களுக்கும் ஒன்று.